பெரியவை

ஹொரமாவில் எங்கள் குடியிருப்பு.
சுவரில்லாத பக்கத்துக்கு வேலியாக
சங்கத்துச் செலவில் நாற்பத்தொரு செம்பருத்திக் கன்றுகள்,
முழங்கால் உயரம்,
ஒன்றரை அடிக்கு ஒன்று.
'இரண்டு வருஷத்தில் தெருவே தெரியாது'
என்றார் செயலாளர் வெங்கடரமண கௌடா.
பராமரிக்கும் பொறுப்பு எனக்கு.
காரணம், என் வீடு கீழே இருந்தது.
வேறு தகுதி இல்லை.

தண்ணீர் லாரிகள் வரத் தொடங்கிய வாரம்
ஏழாவது கன்றின் கொழுந்து சுருண்டது.
விரித்துப் பார்த்தேன்.
கோலமாவில் யாரோ தும்மிவிட்டுப் போன மாதிரி
மாவுப்பூச்சி.
தொட்டால் விரலில் இளஞ்சிவப்பாய் நசுங்கியது.
தண்டு நெடுக எறும்பு,
ரேஷன் கடைக்குப் போவதும் வருவதுமாக.

காப்பீட்டு நிறுவனத்தில்
பொய்க் கோரிக்கைகளைப் பிரித்தெடுப்பது என் வேலை.
ஒரே கையெழுத்துள்ள மூன்று மருத்துவர்கள்,
இறந்த மறுவாரம் பல் பிடுங்கிக்கொண்டவர்,
இப்படி.
பதினோரு வருஷப் பழக்கம். கண் ஏமாறாது.

விடிகாலை ஐந்தரைக்கு
பழைய பல்துலக்கி, ஒரு லிட்டர் தண்ணீர்,
ஐந்து மில்லி வேப்பெண்ணெய்,
கரைய இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு.
இலையின் அடிப்புறம், கணு, மொட்டின் கழுத்து.
'பிள்ளைக்குப் பேன் பார்க்கிற மாதிரி பார்க்கிறீர்களே'
மூன்றாம் மாடியிலிருந்து ஃபர்ஹானா.

கூட்டத்தில் சில மட்டும் பெரியவை.
உடம்பெல்லாம் வெள்ளைக் கம்பளி.
மற்றவை அசையாமல் உறிஞ்ச
இவை ஓடின.
ஓடுகிறவனைத்தானே முதலில் பிடிப்போம்.
இதுகள்தான் தாய், இதுகள்தான் தலைமை என்று
நானே தீர்மானித்து
கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாய்.
குறிப்பேட்டில் தனிப் பத்தி: பெரியவை.
செவ்வாய் ஆறு. புதன் நான்கு. வியாழன் ஏழு.

பெரியவை குறைந்தன.
சிறியவை பெருகின.
எண்ணெயைப் பத்து மில்லி ஆக்கினேன்.
வெயில் ஏறியதும் கொழுந்து கருகியது.

வெள்ளியன்று ஒன்றை மட்டும் கொல்லாமல்
ஊறுகாய்ப் பாட்டிலில் அடைத்தேன்,
ஒரு துண்டுக் கிளையும் பன்னிரண்டு சிறியவையும் சேர்த்து,
கௌடாவிடம் சாட்சி காட்ட.
கௌடா தும்கூர் போயிருந்தார், மகள் நிச்சயதார்த்தம்.
பாட்டில் இரவெல்லாம் சாப்பாட்டு மேசையில்.

காலையில் எண்ணினேன்.
மூன்று.
கிளையில் மெழுகுத்தூள், வேறொன்றும் இல்லை.
கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன்.
கம்பளிக்கு அடியில் வேறொரு உடம்பு,
வேறொரு வாய்,
மென்றுகொண்டிருந்தது.

அந்த வேஷம் எறும்புக்காகப் போட்டதாம்.
எறும்பு ஏமாந்து விட்டுவிட்டது.
நான் ஏமாந்து கொன்றுவிட்டேன்.

ஆறும் நான்கும் ஏழும்.
பத்தியின் தலைப்பை அடித்தேன்.
மேலே எதுவும் எழுத வரவில்லை.

அன்றைக்கு மேசைக்கு வந்த கோப்பில்
ஹாசன் பக்கத்துப் பெண்,
ஒரே தேதியில் இரண்டு ஊர் ரசீதுகள்.
சிவப்புப் பேனாவைத் திறந்தவன் திரும்ப மூடினேன்.
மறுநாள் இரண்டு தடவை சரிபார்த்தேன்.
பொய்தான்.

தெளிப்பதை நிறுத்தினேன்.
தண்டுகளில் வாஸலின் தடவிய துணி சுற்றினேன்,
எறும்பு ஏறாமலிருக்க.
பாட்டிலுக்குத் தினமும் ஏழாவது கன்றிலிருந்து
ஒரு கொழுந்து, பூச்சியோடு.
மூன்று வாரத்தில் கம்பளி கழன்று
மிளகளவு வண்டு,
கறுப்பு முதுகு, தலை மட்டும் செங்காவி.

ஊர் திரும்பி வெகுநாள் ஆன கௌடா
ஒரு மாலை வேலியோரம் நின்றார்.
'ஏழாவது ஏன் இன்னும் வெள்ளையாய் இருக்கிறது?'
'விட்டு வைத்திருக்கிறேன்.'
'யாருக்கு?'

பாட்டில் கையில்தான் இருந்தது.
மூடியைத் திருகி
கிளையோடு சாய்த்துப் பிடித்தேன்.
விளிம்பு வரை வந்தது.
நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க,
திரும்பி உள்ளே போனது.